சுங்கை சிப்புட் (மலேசியா) லோரி ஒர்க்‌ஷாப் – டைனோ போட்டு பாத்த அனுபவம்

நம்ம லோரி செம்பனை பழம் ஏத்துறது, கேட்டலாக்ல 150 குதிரைசக்தினு போட்டிருக்கு, ஆனா தோட்டத்து மேட்டுல ஏறவே மாட்டேங்குது. முன்னாடி போன ஒரு கடையில இஞ்சின் போச்சு, இறக்கணும்னுட்டாங்க, மனசே விட்டுப்போச்சு.

டவுன்ல இருக்குற இந்த ஒர்க்‌ஷாப் அண்ணன் இஞ்சின தொடவே இல்ல, நேரா டைனோ ரோலர்ல, அதாவது சக்கரத்த உருளை மேல ஓட விட்டு சக்தி அளக்குற மெஷின்ல ஏத்தி, வீல்ல எவ்ளோ குதிரைசக்தி வருதுனு பாத்தாரு, 112 தான். "தம்பி, கேட்டலாக் கணக்கு இஞ்சின் வாசல்ல அளந்தது. கியர்பாக்ஸ், ஷாஃப்ட், பின்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் சக்தியப் பிரிச்சு விடுற டிஃபரன்ஷியல் எல்லாம் தாண்டி வரும்போது நூத்துக்கு பதினஞ்சு போறது சாதாரணம், உனக்கு இருவத்தஞ்சு போயிருக்கு"னாரு. போன சக்தி எங்கயும் மறையாது, சூடா மாறிடுமாம். அதான் ரெண்டு பின் சக்கரத்து ஹப்லயும் (நடுப்பகுதி) என் கைய வைக்க சொன்னாரு, இடது பக்கம் வச்ச கைய உடனே எடுத்துட்டேன், அப்படி ஒரு சூடு. பிரேக் முழுசா விடாம உரசிக்கிட்டே இருந்திருக்கு, வீல் பேரிங்கும் தேஞ்சு போச்சு. டிஃபரன்ஷியல் எண்ணெய இறக்குனா கறுப்பா, விரல்ல தேச்சா மினுமினுனு இரும்புத்தூள்.

எல்லாம் மாத்தி திரும்ப ஏத்துனா 126. இப்ப மேட்டுல மூணாவது கியர்லயே போகுது லா!

காத்திருக்க ஒரு நாற்காலி கூட இல்ல, பாதி நாள் ஆகும். ஆனா அளந்து காட்டிட்டு தான் காசு கேக்குறாரு, அதுக்காகவே நம்பி போலாம்.