ஹட்டனில் வாங்கிய நிகழ்தகவுப் பெட்டி: மணிகள் நல்லது, விளக்கத் தாள் ஆகாது

மகள் இந்த முறை சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறாள். கணிதத்தில் மற்றதெல்லாம் ஒரு மாதிரி ஓடுகிறது, நிகழ்தகவு வந்தால் மட்டும் பேனையைக் கீழே வைத்துவிடுகிறாள் என்பதால், ஹட்டன் டவுனில் ஒரு புத்தகக் கடையில் தொங்கிக்கொண்டிருந்த இந்தப் பெட்டியை வாங்கினேன். ஆயிரம் ரூபாய்த் தாளைக் கொடுத்தால் மிச்சம் வரும் விலைதான். உள்ளே இரண்டு தாயக்கட்டை, ஒரு துணிப்பை, சிவப்பும் நீலமுமாகப் பிளாஸ்டிக் மணிகள், முள் சுற்றுகிற ஓர் அட்டை, அப்புறம் தமிழில் நாலு பக்க விளக்கத் தாள். செய்தவர்களின் பெயரை நான் போடவில்லை, தாளைப் பற்றிச் சொல்ல இருப்பது அவ்வளவு நல்லதில்லை.

மணிகளுக்கே கொடுத்த காசு சரி. எல்லாம் ஒரே அளவு, ஒரே வழவழப்பு, பைக்குள் கையை விட்டுத் தடவினால் எது சிவப்பு எது நீலம் என்று பிடிபடாது. வினாத்தாளில் 'எழுமாற்றாக எடுக்கப்படுகிறது' என்று ஒரு வரியில் போய்விடுகிற நிபந்தனை இதுதான். 3 சிவப்பு, 2 நீலம் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தால், இரண்டும் சிவப்பாக வர நிகழ்தகவு 9/25. திரும்பப் போடாமல் எடுத்தால் 3/10. கிளை கிளையாகப் பிரிகிற மர வரிப்படத்தில் எத்தனை முறை கீறிக் காட்டினாலும் மண்டையில் ஏறாத இந்த வித்தியாசம், முதல் சிவப்பு மணியைக் கையில் வைத்துக்கொண்டு பையைத் திறந்து பார்த்தால், மிச்சம் நாலுதான், அதில் சிவப்பு இரண்டுதான் என்று கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது. இரண்டாவது கிளையில் 2/4 ஏன் வருகிறது என்று அதற்குப் பிறகு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. முள் அட்டை சுமார், காற்றடித்தால் தானாகத் திரும்புகிறது.

இனி விளக்கத் தாள். மாதிரி வெளி, பேறு (வரக்கூடிய விடை ஒவ்வொன்றும்), தம்முள் புறநீங்கும் நிகழ்ச்சிகள் என்று சொற்கள் எல்லாம் நம்முடைய பாடப்புத்தகத்தில் உள்ளபடியே இருக்கின்றன, அது நல்ல விஷயம். உதாரணங்கள்தான் காலை வாருகின்றன. 'நாளை மழை பெய்யும் அல்லது பெய்யாது, பேறுகள் இரண்டு, ஆகவே மழைக்கான நிகழ்தகவு 1/2' என்று அச்சடித்திருக்கிறார்கள். இதை எழுதியவர் ஜூன் மாதத்தில் நோர்வூட் பக்கம் வந்ததே இல்லை போல. தென்மேற்குப் பருவக்காற்று பிடித்துவிட்டால் தலையை மூடிக்கொள்ளாமல் இங்கே யார் தேயிலை மலைக்கு ஏறுகிறார்கள்? பேறுகளை எண்ணிப் பின்னம் போடுவது எல்லாப் பேறுக்கும் சம வாய்ப்பு இருந்தால் மட்டுமே செல்லும், அந்த ஒரு வரியை நாலு பக்கத்தில் எங்கேயும் காணவில்லை.

விட்டதன் பலன் அடுத்த பக்கத்திலேயே தெரிகிறது. இரண்டு தாயக்கட்டையின் கூட்டுத்தொகை 2 முதல் 12 வரை, மொத்தம் 11 விடை, எனவே 7 வர 1/11 என்று போட்டிருக்கிறார்கள். ஒரு கட்டையின் எண்களைக் கிடையாகவும் மற்றதன் எண்களை நிலையாகவும் வைத்து நெய்யரி கீறினால் 36 புள்ளிகள், 7 ஆறு இடத்தில் வருகிறது, ஆகவே 1/6. கூட்டுத்தொகை 2 வர (1,1) ஒன்றே ஒன்றுதான், 1/36. பெரிய ஆட்களும் இதில் விழுந்திருக்கிறார்கள் என்பது உண்மை. பிரான்ஸ் நாட்டுக் கணிதமேதை டலம்பேர் 1754இல், நாணயத்தை இரண்டு தடவை சுண்டினால் ஒரு தடவையாவது தலை விழ 2/3 என்று எழுதினார், சரியான விடை 3/4. முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது என்று அதை ஒரே பேறாக எண்ணிவிட்டார். ஆனால் அவர் எழுதியதைப் பார்த்து யாரும் சாதாரண தரப் பரீட்சை எழுதவில்லையே.

தாயக்கட்டை இரண்டில் ஒன்று ஆறை அள்ளிக் கொட்டுகிறது. "அப்பா, இது கள்ளக் கட்டை" என்று மகளே கண்டுபிடித்தாள். புள்ளிகளை ஆழமாகக் குடைந்திருப்பதால் ஆறு இருக்கிற பக்கத்தில் பிளாஸ்டிக் குறைந்து, எதிர்ப்பக்கத்து ஒன்று பாரமாகிக் கீழே உட்காருகிறது என்று நினைக்கிறேன். மாற்றித் தரச் சொல்லிக் கடைக்குப் போக இருந்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். 'கோடாத தாயக்கட்டை', அதாவது எந்தப் பக்கமும் சாயாத கட்டை, என்று ஒவ்வொரு கணக்கிலும் ஏன் எழுதுகிறார்கள் என்று காட்ட இதைவிட நல்ல சாமான் கிடைக்காது. எறிந்து எறிந்து குறித்துக்கொண்டு, ஆறு விழுந்த தடவைகளை மொத்தத்தால் வகுத்து வெற்றிப் பின்னம் எடுத்தால், நல்ல கட்டையில் அது 1/6ஐச் சுற்றி ஆடி ஆடி மெல்ல அடங்குகிறது, இதில் மேலேயே நிற்கிறது. பத்துப் பதினைந்து தடவையில் நிறுத்திவிட்டால் நல்ல கட்டையும் கள்ளக் கட்டை மாதிரித்தான் தெரியும், ஆகவே பிள்ளைக்கு அலுப்புத் தட்டினாலும் விடாதீர்கள்.

தரம் 8, 9 பிள்ளை இருந்தால் தாராளமாக வாங்கலாம், ஆனால் தாளை எடுத்து ஒளித்துவிட்டுப் பெட்டியைக் கொடுங்கள். பரீட்சைக்குச் சில வாரம்தான் இருக்கிறது என்றால் இந்தக் காசுக்குக் கடந்தகால வினாத்தாள் தொகுதி ஒன்று வாங்குங்கள், சிவப்பு நீல மணிக்கு வீட்டில் கிடக்கிற சட்டைப் பொத்தான் போதும், ஒரே அளவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.