லோ-கார்ப் பார்: இனிப்பு எங்கிருந்து வருகிறது?

ஊட்டி சேரிங் கிராஸ் கடைகளில் 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று விற்கும் லோ-கார்ப் (கார்போஹைட்ரேட் குறைந்த) தின்பண்டப் பார்களை வாங்குமுன் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்கள் எடை வரிசையில் இருக்கும். முதல் மூன்றுக்குள் மால்டிடால் என்ற இனிப்பூட்டி (உறையில் அதன் குறியீட்டு எண் 965) வந்தால் வாங்காமல் திரும்ப வைத்துவிடலாம். அது கிராமுக்கு 2 கலோரிக்கு மேல் தரும், ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும். கார்ப் 20 கிராம், அதில் நார் 4, மால்டிடால் 12 என்றால் உறை அந்த இரண்டையும் முழுதாகக் கழித்து 'நெட் கார்ப் (மிச்ச கார்ப்) 4' என்று சொல்லும். நீங்கள் நாரை முழுதாகவும் மால்டிடாலில் பாதியை மட்டும் கழியுங்கள்: 10 வரும். இரண்டு பார் சேர்த்துத் தின்றால் வயிறு கடமுடா. தொட்டபெட்டா ஏறும் நாளில் வேண்டாத வம்பு.

எரித்ரிடால் (968) என்ற இனிப்பூட்டி ரத்தச் சர்க்கரையை ஏற்றாது. ஆனால் நாக்கில் சில்லென்று இருக்கும், மலைக் குளிரில் படிகமாகி மணல்போல் நறநறக்கும். சட்டைப்பையில் பத்து நிமிடம் வைத்தால் பார் இளகும், நறநறப்பு போகாது. அதோடு கொஞ்சம் ஸ்டீவியா (960, இலையிலிருந்து எடுக்கும் இனிப்பு) சேர்ந்ததே எங்கள் தேர்வு; ஸ்டீவியா மிஞ்சினால் பின்கசப்பு.

பேரீச்சம்பழச் சாறு, தேன்? சர்க்கரையேதான். சைலிடால் (967) என்ற இனிப்பூட்டி உள்ளதை நாய்க்குப் போடாதீர்கள், விஷம். உறை உப்பியிருப்பது பெரும்பாலும் உயரத்தின் காற்றழுத்தக் குறைவால்தான்.