டிஎஸ்3231 மாட்யூல்: மின்னைத் தின்பது சிப் அல்ல

மெயின் மின்சாரம் போனாலும் நேரத்தைக் காக்கும் டிஎஸ்3231 கடிகார சிப், பேக்கப் பட்டன் செல்லில் ஓடும்போது சராசரியாக 0.84 மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும், 64 வினாடிக்கு ஒருமுறை வெப்பநிலை பார்க்கும் செலவும் அதற்குள் அடக்கம். 220 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட சிஆர்2032 பட்டன் செல் இந்தக் கணக்கில் 25 ஆண்டைத் தாண்டும்; அதற்கு முன் செல்லே தானாக இறங்கிவிடும். செல்லோ மெயின் பேட்டரியோ சில மாதங்களில் தீர்ந்தால், சிப்பைச் சுற்றியிருப்பவற்றைப் பாருங்கள்.

இந்தச் சிப் பொருத்தி பரவலாகக் கிடைக்கும் இசட்எஸ்-042 மாட்யூலில் முதலில் பவர் எல்இடி. 3.3 வோல்ட்டிலேயே 1 மில்லி ஆம்பியருக்கு மேல் தின்னும், எடுத்துவிடுங்கள். அடுத்து 200 ஓம் ரெசிஸ்டரும் டயோடும் சேர்ந்த சார்ஜிங் சுற்று. 5 வோல்ட் கொடுத்தால், சார்ஜ் செய்யவே கூடாத சிஆர்2032-க்குள் கரன்ட் ஏறி செல் உப்பும். சார்ஜ் ஆகும் எல்ஐஆர்2032 போட்டாலும் அதன் 4.2 வோல்ட் எல்லை மீறப்படும். அந்த ரெசிஸ்டரைக் கழற்றுவதே சரி.

பெரிய சேமிப்பு விசிசி-யில், அதாவது சிப்பின் மெயின் மின்சார முனையில், இருக்கிறது. விசிசி இருக்கும்வரை சிப்பின் ஸ்டாண்ட்பை கரன்ட் 100 மைக்ரோ ஆம்பியர் அளவுக்கும் போகலாம். விசிசி-யை மைக்ரோகன்ட்ரோலரின் ஒரு பின்னிலிருந்து கொடுத்து, நேரம் படித்ததும் நிறுத்தினால் சிப் பட்டன் செல்லுக்கு மாறிக்கொள்ளும். இங்கேதான் பலர் சறுக்குவார்கள். மாட்யூலின் 4.7 கிலோ ஓம் புல்-அப்கள் (கம்பியை உயர் வோல்டேஜில் நிறுத்தும் ரெசிஸ்டர்கள்) விசிசி-யில் கட்டப்பட்டவை. கன்ட்ரோலரின் உள் புல்-அப் அணையாமல் இருந்தால், எஸ்டிஏ, எஸ்சிஎல் என்ற தகவல் கம்பிகள் வழியாகக் கரன்ட் பின்வாசலாக மாட்யூலுக்குள் போகும். தூங்கப் போகுமுன் அவற்றை அணையுங்கள்.

அலாரத்தால் கன்ட்ரோலரை எழுப்புவதானால் இன்னும் இரண்டு வேலை. சிப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் கன்ட்ரோல் ரெஜிஸ்டரின் 6ஆம் பிட்டை 1 ஆக்காவிட்டால், செல்லில் ஓடும்போது அலாரம் சிக்னல் தரும் இன்டரப்ட் பின் அசையாது. அந்தப் பின்னின் புல்-அப்பையும் மாட்யூலிலிருந்து பிரித்து, எப்போதும் மின்சாரம் உள்ள பக்கத்தில் 100 கிலோ ஓமாக வையுங்கள். இல்லையேல் விசிசி நின்றதும் பின் தாழ்ந்து, பொய் அலாரம் அடிக்கும்.

எழுந்தவுடன் அலாரம் ஃப்ளாகை (அலாரம் அடித்ததைக் குறிக்கும் பிட்டை) அழிப்பது தவறக் கூடாது. அழியாதவரை இன்டரப்ட் பின் 0 வோல்ட்டிலேயே கிடக்கும், 4.7 கிலோ ஓமில் அது 0.7 மில்லி ஆம்பியர் தொடர் கசிவு. 32 கிலோஹெர்ட்ஸ் வெளியீடு தேவையில்லையென்றால் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரின் 3ஆம் பிட்டை 0 ஆக்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் 3, 4 மைக்ரோ ஆம்பியர் காட்டினால் சால்டரிங்கில் மிஞ்சும் ஃப்ளக்ஸ் படிவைச் சந்தேகியுங்கள். செல் முனைகளுக்கிடையே 1 மெகா ஓம் கசிவே 3 மைக்ரோ ஆம்பியர், சிப்பின் செலவைப் போல மூன்று மடங்குக்கு மேல். அதைத் துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும்.

அளக்க, செல்லோடு தொடரில் 1 கிலோ ஓம் வைத்து அதன் குறுக்கே மில்லிவோல்ட் பாருங்கள்: 1 மில்லிவோல்ட் என்றால் 1 மைக்ரோ ஆம்பியர். சிப்பின் பேட்டரி முனைக்குக் குறுக்கே 10 மைக்ரோஃபாரட் வைக்காவிட்டால், வெப்பநிலை எடுக்கும் கணத்தில் அரை மில்லி ஆம்பியர் வரை எகிறி வோல்டேஜ் சரியும், அளவும் குதிக்கும்.