ஸ்கானரா, கமராவா, கைபேசியா? பழைய உலர்தாவரத் தாள்களைப் படமெடுக்கும் கதை

ஆடி மாதத்தில் இலங்கை மலைநாட்டுக் கள ஆய்வு நிலையம் ஒன்றின் பழைய அலுமாரியைத் திறந்திருக்கிறீர்களா? முதலில் பூஞ்சண வாடை, அப்புறம் நப்தலின். உலர்த்திய செடியை ஒட்டிவைத்த தாளின் ஓரங்களை ராமபாணப் பூச்சி அரித்திருக்கும். செடி உதிர்ந்தால் வேறொன்றைத் தேடிப் பறிக்கலாம். எங்கே, எப்போது, எத்தனை அடி உயரத்தில் பறித்தது என்று மையால் எழுதிய லேபல் போனால் போனதுதான். அதனால்தான் படமெடுக்கும் வேலையைத் தொடங்கினோம். தொடங்கிய அன்றே சண்டை, கருவியைப் பற்றி.

ஸ்கானர் கட்சியின் கையில் பலமான சாட்சி இருந்தது. லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில் உலர்தாவரத் தாள்களுக்கு ஹேர்ப்ஸ்கான் என்ற அமைப்பைப் பயன்படுத்தினார்கள். செடி ஒட்டிய தாளைக் கவிழ்த்தால் இலை உதிரும் என்பதால், எப்சன் ஏ3 ஸ்கானரையே தலைகீழாக மாட்டி, தாளைக் கீழிருந்து கண்ணாடிவரை உயர்த்துவார்கள். அங்குலத்துக்கு 600 புள்ளி. இலை மயிர்கூடத் தெரியும்; வெளிச்சமும் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி விழும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ3 அளவை 600இல் எடுத்தால் சுமார் 7000க்கு 9900 புள்ளி. சுருக்காத டிஃப் கோப்பு ஒன்று 200 மெகாபைட்டைத் தாண்டும். 5000 தாள் என்றால் ஒரு டெராபைட். ஒரு தாளுக்குச் சில நிமிடம் வேறு போகும், பாதியில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டைப் பார்த்த நாட்டில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மலிவு ஸ்கானர் வாங்கலாம் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அவற்றில் பெரும்பாலும் சிஐஎஸ் வகை உணரிதான் இருக்கும். கண்ணாடியில் ஒட்டியிருப்பது மட்டும் தெளிவாக விழும், சற்றுத் தூக்கி நிற்கும் காயும் கிளையும் மங்கிவிடும். சிசிடி வகைதான் இந்த வேலைக்கு ஆகும், அதன் விலையும் அதற்கேற்றபடி.

என் வாக்கு கமராவுக்கு. 24 மெகாபிக்சல் கமராவை ஸ்டாண்டில் கீழ்நோக்கி மாட்டி, இரண்டு பக்கமும் எல்ஈடி விளக்கு வைத்தால் போதும். 42 சென்றிமீற்றர் நீளத் தாளுக்கு 6000 புள்ளி கிடைக்கும். ஓரத்தில் அளவுகோலும் நிற அட்டையும் வைக்க இடம் விட்டாலும் அங்குலத்துக்கு 300க்குக் குறையாது. ஒரு இனத்துக்கே அடிப்படைச் சான்றான வகைமாதிரிகளுக்கு 600 வேண்டும்தான். நம் அலுமாரியில் இருக்கும் சாதாரணத் தாள்களுக்கு இது தாராளம். தாளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, பற்றரியில் ஓடும். குறை என்னவென்றால் கமரா தாளுக்கு இணையாக இல்லாவிட்டால் படம் கோணும். ரசமட்டம் வைத்துத் தினமும் காலையில் சரிபார்க்க வேண்டும். மூடுபனி நாளில் லென்ஸில் ஈரம் படியும். அலுமாரியில் செடி மட்டுமில்லை; ஊசியில் குத்திய வண்டு, சாராயப் போத்தலில் கிடக்கும் தவளை இவற்றை ஸ்கானரில் வைக்கவே முடியாது, அந்த வாதம் அங்கேயே முடிந்துவிட்டது.

கைபேசியை நான் இகழமாட்டேன். அலுமாரியில் என்ன இருக்கிறது என்று முதல் கணக்கெடுக்க அதைவிட வேகமானது இல்லை. ஆனால் அதுவாகவே கூர்மையாக்கும், நிறம் ஏற்றும். இன்னொரு பொறி உண்டு: இருப்பிடப் பதிவை நிறுத்தாவிட்டால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் நிலையத்தின் ஆள்கூறு (அட்சரேகை, தீர்க்கரேகை) பதிந்துவிடும். நாளை யாராவது அதைச் சேகரித்த இடம் என்று எடுத்துக்கொண்டால் ஹோட்டன் சமவெளிப் பூ எல்லாம் எங்கள் வராந்தாவில் பூத்ததாகிவிடும்.

எதை எடுத்தாலும் கையுறை போடுங்கள். அந்தக் காலத்தில் பூச்சிக்குப் பயந்து தாவரத் தாள்களில் பாதரச உப்பும் பறவைத் தோல்களில் ஆர்சனிக்கும் பூசுவார்கள். ஜன்னலையும் திறந்து வையுங்கள்.

கருவிச் சண்டையில் இரண்டு வாரம் போனது. உண்மையில் அந்த இரண்டு வாரத்தையும் லேபலுக்குக் கொடுத்திருக்க வேண்டும். தாளைப் பார்த்து நேராக எக்செல்லில் தட்டுவதா, படமெடுத்துவிட்டுப் பிறகு ஆறுதலாக வாசிப்பதா? முதல் வழியில் ஒரே தடவையில் வேலை முடியும். தாள் வெளியே கிடக்கும் நேரமோ கூடும், தட்டியவர் பிழைவிட்டால் மறுபடி அலுமாரிக்குப் போக வேண்டும். இரண்டாவது வழியே மேல். வாசிப்பதை இணையத் தன்னார்வலர்களிடம் கொடுத்தால் கையெழுத்தை வாசிப்பார்கள், ஊரை அறியமாட்டார்கள். ஒரே தேயிலைத் தோட்டத்துக்கு துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, லயத்தில் குடியிருக்கும் தொழிலாளர்கள் சொல்லும் தமிழ்ப் பெயர் இன்னொன்று. லேபலில் "மேல் பிரிவு" என்று மட்டும் இருந்தால் எந்தத் தோட்டத்தின் மேல் பிரிவு? எங்களுக்கு உதவியது ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கப்பிள்ளை ஐயா ஒருவர். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினால், "தம்பி, இது இப்ப பக்கத்துத் தோட்டத்தோட சேர்ந்துட்டுதே" என்பார்.

அவர் சொன்னதையும் லேபல் சொன்னதையும் ஒரே கட்டத்தில் கலக்கக் கூடாது. எழுதியதை எழுதியபடி ஒரு நிரலில், நம் விளக்கத்தை இன்னொன்றில். உயிரினப் பதிவுகளுக்கான டார்வின் கோர் தரவமைப்பிலும் இதற்குத் தனித்தனி இடம் உண்டு. 6000 அடியை 1828.8 மீற்றர் என்று மாற்றிப் போடாதீர்கள். சேகரித்தவர் உத்தேசமாகச் சொன்னது மாற்றியதும் அளந்து சொன்னதுபோல் ஆகிவிடும். பேராதனைத் தாவரவியல் பூங்காவை நடத்திய த்வெயிட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் இட்ட சி.பி. (சிலோன் பிளான்ட்ஸ்) எண்களிலும் இதேபோல் ஒரு கண்ணி உண்டு: ஒரே எண்ணுக்குள் வெவ்வேறு இடங்களில் பறித்தவையும் அடங்கும். எண் ஒன்றென்று பதிவுகளை இணைத்தால் ஊர்கள் குழம்பும்.

வெளியிடுவதில் எனக்குத் தயக்கமில்லை, உயிரினப் பதிவுகளை உலகுக்குத் திறந்துவைக்கும் ஜிபிஐஎஃப் தளத்தில் ஏற்றலாம். கொம்பு ஓணானுக்கும் அரிய ஓர்க்கிட்டுக்கும் மட்டும் ஆள்கூறை மழுப்பிவிடுங்கள். கொம்பு ஓணான்கள் 2019இல் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் ஏறியதே அவற்றைப் பிடித்து விற்பதால்தான்.

பிரதிகள்? மேகச் சேமிப்பு நல்லதுதான், எங்கள் இணைய வேகத்துக்கு ஒரு நாள் படங்களை ஏற்ற ஓர் இரவு போதாது. இப்போதைக்கு ஒரு வன்தட்டு அலுமாரியில், இன்னொன்று மாதமொருமுறை யாராவது ஒருவரின் பையில் கண்டி பஸ்ஸில் போகிறது.