மீன் சுட எது நல்லது? கருவைக்கரியா, சிரட்டையா?

சித்திரை பிறந்ததும் எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வரத் தொடங்குவார்கள். வந்த அன்றைக்கே பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "மீன் எப்ப சுடுவீங்க?" ராமநாதபுரம் கடற்கரையோரம், ஒரு பக்கம் தென்னந்தோப்பும் மறுபக்கம் கடலுமாக இருக்கிற ஊர் எங்களுடையது. கொல்லையில் நாலு செங்கல், மேலே ஒரு கம்பி வலை. இதுதான் மொத்த ஏற்பாடு. செங்கலுக்கு நடுவில் எதைப் போட்டு எரிப்பது என்பதில்தான் வீட்டில் இரண்டு கட்சி. அப்பா கருவைக்கரி என்பார். அம்மாவுக்கு சிரட்டை (மற்ற ஊர்களில் கொட்டாங்குச்சி). பல வருடம் இரண்டிலும் சுட்டுப் பார்த்தபின் எனக்கென்று ஒரு முடிவு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் சீமைக்கருவேல மரத்துக்குப் பஞ்சமே இல்லை. அதை வெட்டி அடுக்கி, மேலே வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு மூடி, காற்று அதிகம் புகாமல் நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனியவிடுவார்கள். கரிமூட்டம் என்று பெயர். அந்த மரத்தின் மேல் ஊர்க்காரர்களுக்கு ஆயிரம் கோபம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் அதன் கரியைக் குறை சொல்ல முடியாது. கெட்டியான மரம் என்பதால் கரியும் கெட்டி. ஒருமுறை பிடித்துவிட்டால் ஒரு மணி நேரம் தாராளமாக நிற்கும். வாங்கும்போது இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று ஓசை வந்தால் நன்றாக வெந்த கரி. மொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே இன்னும் விறகாகவே இருக்கிறது என்று அர்த்தம். அது எரியும்போது புகையும், அந்தப் புகை மீனில் ஏறி கசக்கும்.

கருவைக்கரியின் குறை, பொறுமை வேண்டும். பற்றவைத்து, மேலே சாம்பல் பூக்கும் வரை இருபத்தைந்து நிமிடமாவது ஆகும். தொடக்கத்தில் படபடவென்று பொறி பறக்கும், சின்னப் பிள்ளைகளைக் கிட்டே விடக்கூடாது. அவசரப்பட்டு மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த நாற்றம் கடைசி மீன் வரைக்கும் போகாது. காய்ந்த பனை ஓலையோ தென்னம்பாளையோ இரண்டு கீற்று போதும்.

சிரட்டை இதற்கு நேர் எதிர். சட்டென்று பிடிக்கும், ஆளுயரத்துக்கு எரியும், சீக்கிரம் அடங்கும். தேங்காய்ப் பருப்பு ஒட்டாமல் சுரண்டி, பத்து நாள் வெயிலில் காயவைத்த சிரட்டையாக இருக்க வேண்டும். எரியத் தொடங்கும்போது கரும்புகை வரும். பலரும் தவறு செய்வது இங்கேதான்: தீ நன்றாக எரிகிறதே என்று அப்போதே மீனை வைத்துவிடுவார்கள். மேலே கரி பிடிக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். தழல் அடங்கி, சிரட்டை வடிவம் கலையாமல் செக்கச்செவேலென்று கங்காகக் கிடக்கும் ஒரு நேரம் வரும். உள்ளங்கையை வலைக்கு மேல் காட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் கையை இழுக்கத் தோன்ற வேண்டும். அதுதான் பதம். அதன்பிறகு கால் மணி நேரம், அதிகம் போனால் இருபது நிமிடம் நல்ல சூடு கிடைக்கும். அப்புறம் சாம்பல்தான்.

கால் மணி நேரம் போதுமா? எந்த மீன் என்பதைப் பொறுத்தது. இந்தப் பஞ்சாயத்துக்கே முடிவு அதில்தான் இருக்கிறது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. பிள்ளைகளுக்கு லீவு விடுவதும் அதே நேரம். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் அங்கிருந்து ஐஸ் பெட்டியில் வஞ்சிரமும் சூரையும் வந்து இறங்கும். அது மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் அது நம் கரையில் காலையில் இறங்கிய மீன் அல்ல. அந்த இரண்டு மாதமும் நமக்குக் கிடைப்பது நாட்டுப்படகும் கரைவலையும் கொண்டுவருவது: சாளை, நகரை, ஓரா, கணவாய், நண்டு, எப்போதாவது ஒரு பாறை. பெரும்பாலும் உள்ளங்கை அளவு மீன்கள். ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிடம் போதும். இவற்றுக்கு ஒரு மணி நேரம் நிற்கிற கரி எதற்கு? சாளைக்கு சிரட்டைதான். அந்த மீனுக்கே எண்ணெய் அதிகம். கங்கில் சொட்டி, சுர்ரென்று புகைந்து, அந்தப் புகையே திரும்ப மீனில் ஏறும். தோல் அங்கங்கே வெடித்து ஓரம் மொறுமொறுப்பாகும். அம்மா இதற்கு உப்பைத் தவிர எதுவும் தடவமாட்டார். வாலிநோக்கம் பக்கத்துக் கல்லுப்பைக் கையால் நொறுக்கித் தூவுவார், அவ்வளவுதான். நானும் அந்தக் கட்சிதான்.

ஒரு கிலோ பாறையோ கொடுவாவோ முழுசாகக் கிடைத்தால் மட்டும் அப்பா ஜெயிப்பார். முதுகெலும்பு வரை சூடு போக அரை மணி நேரமாகும். சிரட்டை பாதியிலேயே கைவிட்டுவிடும், நடுவில் மறுபடி போட்டால் திரும்பவும் கரும்புகை. கருவைக்கரியை ஒரு பக்கமாக ஒதுக்கி, மீனை முதலில் கரிக்கு மேலேயும் பிறகு ஓரத்திலும் வைத்துச் சுடுங்கள். எலும்பை ஒட்டிய சதை கண்ணாடி மாதிரி இல்லாமல் வெள்ளையாகி, விரலால் தள்ளினால் பிரிந்து வர வேண்டும்.

கடையில் விற்கிற அச்சுக் கரிக்கட்டி, கேஸ் கிரில் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரிக்கட்டி சீராக எரியும், சாம்பல் அதிகம். கேஸ் கிரில் நகரத்து மொட்டை மாடிக்குச் சரி. மழையோ காற்றோ வந்தால் உடனே அணைத்துவிடலாம். தோப்பில் சிரட்டை சும்மா கிடக்கும்போது அதற்குப் பணம் கொடுக்க எனக்கு மனசு வராது. எந்தக் கரியானாலும் மூடிய அறைக்குள் மட்டும் வேண்டாம். கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத விஷவாயு வரும், உயிருக்கே ஆபத்து.

வலையா, வாழை இலையா?

தீ முடிவான பிறகு இரண்டாவது போட்டி இது. விளைமீன் மாதிரி கொழுப்பு குறைந்த, சதை மென்மையான மீனை வலையில் நேராக வைத்தால் பாதி வலையோடு போய்விடும். வலை நன்றாகக் காய்ந்து, எண்ணெய் தடவி, மீனின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து வைத்தால் ஒட்டாமல் வரும். வெந்த பக்கம் தானாகவே விடும், அதுவரை கிளறக்கூடாது. ஆனால் விளைமீனுக்கும் உரித்த இறாலுக்கும் நான் வாழை இலைக்கே ஓட்டுப் போடுவேன். இலையைத் தீயில் வாட்டி, இரண்டு மடிப்பாகச் சுற்றி, நாரால் கட்டி, கங்கின் ஓரத்தில் வைத்தால் மீன் தன் நீரிலேயே வேகும். புகை வாசம் குறைவாகத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். கருகிய இலையைப் பிரிக்கும்போது வரும் ஆவியின் மணம் அதற்கு ஈடுகட்டும். இலைக்குப் பதில் அலுமினியத் தாளில் சுற்றுகிறார்கள். புளியும் எலுமிச்சையும் உப்பும் சேர்ந்த மசாலா அந்தத் தாளை அரிக்கும் என்பதால் எனக்கு அதில் சம்மதமில்லை.

ஓராவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முதுகுத் துடுப்பிலும் வயிற்றுப்பக்கத் துடுப்புகளிலும் விஷ முள் இருக்கிறது, குத்தினால் மணிக்கணக்கில் கடுக்கும். செத்த மீனின் முள்ளும் குத்தும். கத்தரிக்கோலால் அந்தத் துடுப்புகளை வெட்டிய பிறகுதான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும்.

கணவாய்க்கு இருக்கிற சூட்டிலேயே உச்சமான சூடு வேண்டும், பக்கத்துக்கு ஒரு நிமிடம். அதற்கு மேல் போனால் ரப்பர். நண்டுக்கு வலையும் வேண்டாம், இலையும் வேண்டாம். அதன் ஓடே அதற்குச் சட்டி. மல்லாக்கக் கங்கின் மேலேயே வைத்துவிடலாம்.

மசாலாவில் பொடியா, அரைத்த விழுதா என்று கேட்டால் விழுதுதான். மிளகாய்ப்பொடி நேர்த் தீயில் நொடியில் கருகிக் கசக்கும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையான, தோல் தடித்த மிளகாய். அதை வெந்நீரில் ஊறவைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, கொஞ்சம் புளி, நல்லெண்ணெய் சேர்த்து அம்மியில் அரைத்தால் தடவுவதற்குக் கெட்டியாக வரும், நிறமும் நிற்கும். எலுமிச்சைச் சாற்றில் மணிக்கணக்கில் ஊறவைக்க வேண்டாம், தீயில் வைக்கும் முன்பே சதை வெளிறித் துவண்டுவிடும். இருபது நிமிடம் போதும். காய்கறிக்குத் தனியாக அடுப்பு எதுவும் தேவையில்லை. மீன் முடிந்த பிறகு மிஞ்சும் சாம்பல் சூட்டில் கத்திரிக்காய், தோலோடு சின்ன வெங்காயம், தை மாதமானால் பனங்கிழங்கு எல்லாவற்றையும் புதைத்துவிட்டுச் சாப்பிட உட்காரலாம்.

எரிபொருளைவிட, மசாலாவைவிட முக்கியமான ஒன்று மீனின் வயது. ஒருமுறை வெளியூர்ச் சந்தையில் வாங்கிய சூரையைச் சுட்டோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட்ட அரை மணியில் மூன்று பேருக்கு முகம் சிவந்து உடம்பெல்லாம் அரிப்பு. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிவிடும். எவ்வளவு சுட்டாலும் அது அழியாது. கருவை ஆதரவாளரோ சிரட்டை ஆதரவாளரோ, காலை ஆறு மணிக்குக் கரைக்குப் போகிறவர்தான் நல்ல மீன் சுடுவார்.

ஆனியில் கச்சான் காற்று எழும்பிவிட்டால் சிரட்டைக் கங்கு பறக்கும். அப்போது அரை முழம் ஆழத்துக்குக் குழி தோண்டி அதற்குள் தீ போடுவோம். முடிந்ததும் மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போகாதீர்கள். மணலுக்கடியில் கங்கு மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, மறுநாள் வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைதான் கண்டுபிடிக்கும். இரண்டு வாளி கடல்தண்ணீரை ஊற்றி, குச்சியால் கிளறி, சீறல் முழுவதும் நின்றபின் இன்னொரு வாளி ஊற்றுங்கள்.