டி.எஸ்.எச். 6.8: உடனே மாத்திரையா, மறுபடியும் டெஸ்ட்டா?

தைராய்டு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. டி.எஸ்.எச். 6.8, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. நார்மல் அளவு 0.4 முதல் 4.5 வரை என்று எதிரே அச்சாகியிருந்தது. அடுத்த வரியில் ஃப்ரீ டி4, அதாவது தைராய்டு சுரக்கும் ஹார்மோன், 1.1; அதில் எந்தக் குறையும் இல்லை. என் தங்கை அதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டுக் கேட்டாள்: "அக்கா, இனிமே ஆயுசுக்கும் மாத்திரையா?"

நாலு பேரிடம் கேட்டதில் மூன்று விதமான யோசனைகள் வந்தன. இன்றைக்கே மாத்திரையை ஆரம்பித்துவிடு என்றார்கள் சிலர். சில வாரம் பொறுத்து மறுபடி ரத்தம் கொடு என்றார்கள் வேறு சிலர். இருக்கிற தைராய்டு டெஸ்ட் எல்லாவற்றையும் எடுத்து, ஸ்கேனும் பார்த்துவிடு என்பது மூன்றாவது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு என் மனம் இரண்டாவதன் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் சிலருக்கு அந்தக் காத்திருப்பே தப்பாகிவிடும். அது யார் யாருக்கு என்று கீழே சொல்கிறேன்.

அந்த எண் என்ன சொல்கிறது

டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பது இல்லை. மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்குப் போடும் உத்தரவு அது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் துளி குறைந்தாலும் பிட்யூட்டரி பல மடங்கு உரக்கக் கத்தும். அதனால்தான் டி4 நார்மலாக இருக்கும்போதே டி.எஸ்.எச். ஏறி நிற்கிறது. தைராய்டு போதிய அளவு சுரக்காததை ஹைப்போதைராய்டிசம் என்பார்கள்; அதன் லேசான இந்த நிலைக்கு சப்கிளினிக்கல் ஹைப்போதைராய்டிசம் என்று பெயர். பேச்சுவழக்கில் பார்டர்லைன் தைராய்டு.

இந்த உத்தரவு நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதும் இல்லை. நள்ளிரவிலிருந்து விடிகாலை வரை உச்சத்தில் இருந்து, பிற்பகலில் இறங்கிவிடும். காலை 7 மணிக்கு எடுத்த ரத்தத்தையும் மதியம் 3 மணிக்கு எடுத்ததையும் ஒப்பிட்டு "ஏறிவிட்டது", "இறங்கிவிட்டது" என்று பேசுவதில் அர்த்தம் இல்லை. பெரிய காய்ச்சலிலிருந்து தேறி வரும் நாட்களில் டி.எஸ்.எச். கொஞ்ச காலம் ஏறும். மனநலத்துக்குக் கொடுக்கும் லித்தியம், இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன் போன்ற மருந்துகளும் அதை ஏற்றும். வயதாக ஆக மெல்ல ஏறுவதும் இயல்புதான். 80 வயதுக்காரரின் 6-ஐயும் 25 வயதுக்காரரின் 6-ஐயும் ஒன்றாகப் பார்க்க முடியாது. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலர். சில லேப் முறைகளில் பயோட்டின் டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டிவிடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும்.

தங்கையிடம் கேட்டேன். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்து எழுந்த கையோடு போய் ரத்தம் கொடுத்திருக்கிறாள்!

உடனே மாத்திரை

இந்த வழியின் பலம் நிம்மதி. ஏதோ செய்கிறோம் என்ற நிம்மதி. தைராய்டு ஹார்மோனையே மாத்திரையாகக் கொடுக்கும் லீவோதைராக்சின் பழைய மருந்து, சரியான டோஸில் பாதுகாப்பானதும்கூட. அசதி, முடி கொட்டுதல், மலச்சிக்கல், எடை கூடுதல் என்று அவஸ்தைப்படுகிறவருக்கு, "காரணம் கிடைத்துவிட்டது" என்பதே பாதி மருந்து மாதிரி. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்த அறிகுறிகள் தைராய்டுக்கு மட்டும் சொந்தமில்லை. இரும்புச்சத்து குறைந்தாலும், பி12 குறைந்தாலும், தூக்கம் கெட்டாலும், மனச்சோர்வு இருந்தாலும் இதே அசதிதான். 2017-ல் வெளியான டிரஸ்ட் ஆய்வில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 737 பேரைச் சேர்த்தார்கள். சராசரி டி.எஸ்.எச். 6.4. சிலருக்கு லீவோதைராக்சின், சிலருக்கு வெற்று மாத்திரை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மாத்திரையால் டி.எஸ்.எச். இறங்கியிருந்தது; அசதியில் மட்டும் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. எண் சரியானது, ஆள் சரியாகவில்லை.

டோஸ் கூடிப்போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். வயதானவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஒருமுறை ஆரம்பித்த மாத்திரையை "தேவைதானா" என்று யாரும் திரும்பிப் பார்ப்பதும் அபூர்வம்.

பொறுத்திருந்து மறுபரிசோதனை

இரண்டு மூன்று மாதம் கழித்து, அதே லேபில், அதே காலை நேரத்தில் மறுபடி எடுப்பது. இந்த முறை ஃப்ரீ டி4-ஓடு ஆன்ட்டி டி.பி.ஓ. என்ற ஆன்டிபாடி டெஸ்ட்டையும் (உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டுவது) சேர்த்துக்கொள்ள வேண்டும். லேசாக ஏறிய டி.எஸ்.எச். பலருக்குத் தானாகவே இறங்கிவிடுகிறது. அப்படி இறங்கினால் வேண்டாத மாத்திரை மிச்சம். இறங்காவிட்டாலும் இது உண்மையான ஏற்றம்தான் என்ற உறுதி கிடைக்கும்.

இந்த வழியின் கஷ்டம், காத்திருக்கும் அந்த வாரங்கள். அசதியாக இருப்பவரிடம் "பொறு" என்பது சுலபம், பொறுப்பது சுலபமில்லை. அதனால் அந்த இடைவெளியைச் சும்மா விடக் கூடாது. ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டுவது), பி12, சர்க்கரை எல்லாம் அப்போதே பார்த்துவிடலாம்.

பொறுக்கவே கூடாதவர்களும் இருக்கிறார்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் சிசு தாயின் ஹார்மோனை நம்பியே வளர்கிறது. அங்கே அளவுகோலே வேறு. டி4-உம் சேர்ந்து குறைந்திருந்தால் அது பார்டர்லைன் இல்லை, சிகிச்சை தேவைப்படும் நோய். டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டினாலும் கணக்கு மாறுகிறது.

எல்லா டெஸ்ட்டும் எடுப்பது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆன்டிபாடி டெஸ்ட் தேவை. இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் 20 வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், டி.எஸ்.எச். கூடியும் ஆன்டிபாடி இருந்தும் காணப்பட்ட பெண்களில் வருடத்துக்கு 4.3 சதவீதம் பேருக்கு முழு ஹைப்போதைராய்டிசம் வந்தது. டி.எஸ்.எச். மட்டும் கூடியவர்களில் அது 2.6 சதவீதம். இந்தத் தகவல் கையில் இருந்தால் எவ்வளவு இடைவெளியில் கண்காணிப்பது என்று முடிவெடுக்கலாம். கழுத்தில் வீக்கமோ கட்டியோ தட்டுப்படாதபோது ஸ்கேன் எடுத்தால், ஒன்றும் செய்யாத சின்னக் கட்டி ஏதாவது தெரிந்து புதுப் பயம்தான் வரும். தைராய்டின் இன்னொரு ஹார்மோனான டி3-ஐப் பார்ப்பதும் இங்கே உதவாது. ஹைப்போதைராய்டிசத்தில் கடைசியாகக் குறைவது அது.

வழிகாட்டிகளே ஒத்துப்போகாத இடம்

இதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. 2019-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த சர்வதேசக் குழுவின் பரிந்துரை, சப்கிளினிக்கல் நிலையில் இருக்கும் பெரியவர்களுக்கு மாத்திரை வேண்டாம் என்று அழுத்தமாகச் சொன்னது. குழந்தைக்கு முயற்சி செய்யும் பெண்களுக்கும், டி.எஸ்.எச். 20-க்கு மேல் இருப்பவர்களுக்கும் அது பொருந்தாது. கடும் அறிகுறி உள்ளவர்களுக்கும் 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பொருந்தாமல் போகலாம் என்றும் சொன்னது. அதே 2019-ல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு வேறு மாதிரி சொன்னது. மூன்று மாத இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டிலும் 10-க்கு மேல் இருந்தால் மாத்திரையை யோசிக்கலாம். 10-க்குக் கீழே கூடியிருந்து, அறிகுறியும் இருந்து, வயது 65-க்கு உட்பட்டிருந்தால் ஆறு மாதம் கொடுத்துப் பார்க்கலாம்.

ஆக, இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் அதில் ஒருவர் தப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நைஸ் சொல்லும் அந்தச் சோதனைக் காலத்துக்கும் முதல் படி இரண்டாவது ரிப்போர்ட்தான். ஆறு மாத மாத்திரை என்றால் ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்: எந்த அறிகுறி குறைந்தால் தொடர்வோம், குறையாவிட்டால் எப்போது நிறுத்துவோம்? பதிலை ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

தங்கை பத்து வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தாள். டி.எஸ்.எச். 5.2, ஃப்ரீ டி4 அப்படியே. ஆன்டிபாடி பாசிட்டிவ். ஃபெரிட்டின் 11, குறைவுதான். இப்போது டாக்டர் சொல்லி இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாள். படி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது என்கிறாள். தைராய்டுக்கு இன்னும் மாத்திரை இல்லை. ஆன்டிபாடி இருப்பதால் வருடம் ஒருமுறை, கர்ப்பம் தரிக்க நினைத்தால் அதற்கு முன்பே, டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.