தூதர் அரசியலுக்கு வந்தால்: மக்களவையா, மாநிலங்களவையா?

வெளியுறவுப் பணியில் சேர்ந்து, அப்புறம் அரசியலுக்குப் போகலாம் என்று கனவு காணும் போட்டித் தேர்வு மாணவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு முன்னோடிகள்: கே.ஆர். நாராயணன், எஸ். ஜெய்சங்கர்.

பணிக்காலம்:
நாராயணன் 1949-ல் சேர்ந்தவர். சீனாவிலும் அமெரிக்காவிலும் தூதர்.
ஜெய்சங்கர் 1977-ல் சேர்ந்தவர்; அதே இரு நாடுகளில் தூதர், பிறகு வெளியுறவுச் செயலர்.

நுழைவு:
நாராயணன் 1984-ல் கேரளத்தின் ஒட்டப்பாலம் மக்களவைத் தொகுதியில் மக்களிடம் ஓட்டுக் கேட்டு வென்றார்.
ஜெய்சங்கர் 2019 மே மாதம் நேரடியாக வெளியுறவு அமைச்சர்; ஜூலையில்தான் குஜராத்திலிருந்து மாநிலங்களவை உறுப்பினர். அமைச்சரான ஆறு மாதத்துக்குள் எம்.பி. ஆகிவிட்டால் போதும் என்கிறது சட்டம்.

செலவு:
மக்களவைக்கு பெரிய மாநிலங்களில் வேட்பாளர் செலவு வரம்பு 95 லட்சம் ரூபாய். (வரம்புதான், நிஜச் செலவு வேறு கதை.)
மாநிலங்களவையில் ஓட்டுப் போடுவது எம்.எல்.ஏ.க்கள், வெயிலில் தெருத் தெருவாக அலைய வேண்டாம். ஆனால் கட்சித் தலைமையின் நம்பிக்கை வேண்டும், அது சும்மா வராது.

நிலைப்பு:
இங்கேதான் எனக்கு நாராயணனைப் பிடிக்கும். 1984, 1989, 1991 என மூன்று முறை அதே தொகுதி. இத்தனைக்கும் அவர் இணை அமைச்சருக்கு மேல் போகவில்லை. 1991-ல் அதுவும் இல்லை. ஆனால் 1992-ல் குடியரசுத் துணைத் தலைவர், 1997-ல் குடியரசுத் தலைவர்.

சரி, யாருக்கு எது? கற்ற துறையை உடனே கையில் எடுக்க வேண்டுமா, ஜெய்சங்கர் வழி. தனக்கென்று ஒரு தொகுதி வேண்டும், காத்திருக்கவும் பொறுமை உண்டு என்றால் ஒட்டப்பாலம் வழி.